மூத்த மகள் சுமக்கும் வீடு: தாம்பரம் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



தெருவிளக்கு, மழைநீர் வடிகால், ஏரி ஆக்கிரமிப்பு, குப்பை அகற்றல் ஆகியவற்றுக்காக மனு எழுதிப் பழகிய சங்கங்களுக்குத் திரைப்படங்களைப் பற்றி ஒரு மடல் வருவது வழக்கத்துக்கு மாறானதாகத் தோன்றலாம். எனினும், நிலைகுலைந்த குடும்பத்தில் வளரும் அக்கா தங்கைகளைப் பற்றித் தமிழில் வந்த சில படங்கள், ஒரு சுவருக்கு அப்பால் வாழ்பவர்களின் துன்பத்தில் இப்பால் வாழ்பவர்களுக்கு என்ன பொறுப்பு உண்டு என்ற கேள்வியை விடாமல் எழுப்புகின்றன. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் விமர்சகர்களின் மேடை அன்று, அக்கம்பக்கத்தார் கூடும் சங்கக் கூட்டமே. இந்த எண்ணத்திலேயே இம்மடல் எழுதப்படுகிறது.

முதலில் கருதத்தக்க படம் 1974ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'அவள் ஒரு தொடர்கதை'. அதன் நாயகி கவிதா (சுஜாதா) அலுவலக வேலைக்குச் செல்லும் மூத்த மகள். தந்தை குடும்பத்தைத் துறந்து துறவியாகிவிட்டார். அண்ணன் மூர்த்தி (ஜெய்கணேஷ்) மனைவி மக்கள் இருந்தும் வேலைக்குப் போகாமல் குடியில் மூழ்கிக் கிடக்கிறான். தங்கை பாரதி (ஸ்ரீப்ரியா) இளம் வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். இன்னொரு தங்கை மணமாகாதவள். தம்பிக்குப் பார்வை இல்லை. இத்தனை பேரும் உண்பதும் உடுப்பதும் கவிதாவின் ஒரே சம்பளத்தில்தான் என்பதால், அவள் மணம் செய்துகொண்டு வெளியேறினால் அந்த வீடு அன்றே சரிந்துவிடும் என்ற அச்சம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் உண்டு. அவர்களைவிடவும் அதிகமாக அவளுக்கே உண்டு.

இப்படத்தின் தனிச்சிறப்பு, கவிதாவைப் பொறுமையின் வடிவமாகக் காட்டாமல் விட்டதில் இருக்கிறது. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களில் குடும்பத்துக்காகத் தேயும் பெண் பெரும்பாலும் கண்ணீரோடு மௌனமாகத் தேய்வாள். கவிதாவோ வெடுக்கென்று பேசுகிறாள், அண்ணனைக் குத்திக் காட்டுகிறாள், தாயிடமும் எரிந்து விழுகிறாள், கடுமையின் உருவம் என்றே வீட்டார் அவளைக் கருதும்படி நடந்துகொள்கிறாள். அக்கடுமை அவளுடைய பிறவிக் குணம் அன்று. இருபது வயதுகளில் இருக்கும் ஒரு பெண் ஒரே வேளையில் தந்தையாகவும் அண்ணனாகவும் தாயாகவும் இயங்க நேரும்போது, இளமையின் மென்மையை வைத்துக்கொள்ள அவளிடம் இடம் இல்லாமற்போகிறது என்பதைப் படம் காட்சிக்குக் காட்சி நிறுவுகிறது. அவளை நேசித்த திலக் (விஜயகுமார்) காத்திருந்து சலித்து, விதவையான பாரதியின் பக்கம் மனம் திரும்பும்போது, அதை அறிந்த கவிதா அவ்விருவருக்கும் தானே முன்னின்று மணமுடித்து வைக்கிறாள். பிறகு அவளுக்கென்று ஒரு திருமணம் கைகூடி வருகையில், அதற்குள் திருந்திவிட்ட அண்ணன் கொல்லப்படுகிறான். குடும்பம் மீண்டும் ஆதரவற்றுப் போனதை உணர்ந்து, தனக்கென வந்த மணமகனைத் தங்கைக்கு மணமுடித்துவிட்டு, அவள் பழையபடி வேலைக்குப் புறப்படுகிறாள்.

இந்த முடிவைத் தியாகம் என்று போற்றிக் கண்கலங்குவது எளிது. ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் பார்வையாளர்களில் பலர் அதையே செய்து வந்திருக்கின்றனர். ஆனால் படத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது: இவளுடைய கதைக்கு முற்றும் இல்லை. இங்கே ஒரு பெண்ணின் பெருந்தன்மை கொண்டாடப்படவில்லை. ஆண்கள் கைகழுவிய பொறுப்புகளை ஒரு மகளின் தோளில் இறக்கி வைத்துவிட்டு, அவளைத் தெய்வம் என்று அழைத்துக் கடனைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம்தான் அம்பலமாகிறது. இதே இயக்குநர் ஓராண்டு முன்னதாக, 1973இல் எடுத்த 'அரங்கேற்றம்' அவ்வழக்கத்தின் மறுபக்கத்தைக் காட்டியிருந்தது. பிள்ளைகள் நிறைந்த ஏழைப் புரோகிதர் வீட்டின் மூத்த மகள் லலிதா (பிரமீளா) தன் உடலை விற்றுத் தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிறாள். பணம் வந்தவரை கேள்வி கேட்காத குடும்பம், அது வந்த வழி தெரிந்ததும் அவளை ஒதுக்கித் தள்ளுகிறது. கவிதாவைக் கும்பிடுவதும் லலிதாவைத் துரத்துவதும் ஒரே மனப்போக்கின் இரு செயல்கள்தாம்.

குடும்ப உளவியலில் இந்நிலைக்குப் 'பெற்றோராக்கப்படுதல்' என்று பொருள்படும் ஒரு கலைச்சொல் உண்டு. பெற்றோர் செய்ய வேண்டிய பணிகளும் தாங்க வேண்டிய கவலைகளும் ஒரு பிள்ளையின் மீது இறங்கி, அப்பிள்ளை தன் வயதுக்குரிய வாழ்வை இழப்பதை இது குறிக்கிறது. இவான் போசோர்மென்யி-நாஜ், ஜெரால்டின் ஸ்பார்க் என்னும் இரு குடும்ப உளச்சிகிச்சையாளர்கள் 1973இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. அத்துறையினர் இதில் இரு வகைகளைப் பிரித்துக் காண்கின்றனர்: சமைத்தல், சம்பாதித்தல், தம்பி தங்கையரை வளர்த்தல் போன்ற செயல்வழிச் சுமை ஒன்று, தாயின் அழுகைக்கு ஆறுதலாகவும் தந்தையின் கோபத்துக்குத் தடுப்பாகவும் நிற்கும் உணர்வுவழிச் சுமை மற்றொன்று. இரண்டாவது சுமை வெளியார் கண்ணில் படுவதில்லை. குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடியோசையைக் கொண்டே அன்றிரவு எப்படிப் போகும் என்று கணித்து, தங்கையை அடுத்த அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தும் பத்து வயதுச் சிறுமியை அக்கம்பக்கம் 'பொறுப்பான பெண்' என்று மட்டுமே அறிகிறது.

'அவள் ஒரு தொடர்கதை'க்கும் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த 'மேகே டாகா தாரா'வுக்கும் உள்ள உறவு திரை வரலாற்றில் பலமுறை சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து, கல்கத்தாவின் புறநகர் அகதிக் குடியிருப்பொன்றில் வாழும் குடும்பத்தின் மகள் நீதா (சுப்ரியா சௌத்ரி) அதன் நாயகி. சம்பாதிக்கும் அவளை எல்லோரும் பிய்த்துத் தின்கிறார்கள். அவள் நேசித்தவன் அவள் தங்கை கீதாவை மணக்கிறான். அவளுக்குக் காசநோய் மிஞ்சுகிறது. படத்தின் தொடக்கத்தில் நீதாவின் தேய்ந்த செருப்பு வார் அறுந்துபோகிறது. பிறருக்காகப் பணம் செலவழிக்கும் அவளுக்குத் தன் காலுக்கு ஒரு செருப்பு வாங்க முடியவில்லை. படத்தின் இறுதியில், அதே தெருவில், வேலைக்குப் போகும் வேறொரு பெண்ணின் செருப்பும் அறுகிறது. அவள் ஒரு கணம் நின்று, சிரித்துச் சமாளித்து, நடந்து போகிறாள். நீதாவின் கதை அவளோடு முடியவில்லை, தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஒரு வசனமும் இன்றிச் சொல்லிவிடும் காட்சி அது. கவிதாவின் கதையும் அவ்வாறே பரவியது: 1976இல் தெலுங்கில் 'அந்துலேனி கதா'வாகவும், 1977இல் வங்கத்தில் 'கபிதா'வாகவும், 1982இல் இந்தியில் 'ஜீவன் தாரா'வாகவும், 1983இல் கன்னடத்தில் 'பெங்கியல்லி அரளித ஹூவு' ஆகவும் எடுக்கப்பட்டது. ஐந்து மொழிகளின் பார்வையாளர்களும் அவளை இனங்கண்டுகொண்டார்கள் என்றால், அவள் ஐந்து மொழிகளின் வீடுகளிலும் இருந்தாள் என்பதே பொருள்.

நீதா இறுதியில் மலைமேல் உள்ள காசநோய் மருத்துவ இல்லத்தில், தான் வாழவே விரும்பியதாக அண்ணனிடம் கதறுகிறாள். அத்தகைய மருத்துவ இல்லம் ஒன்றின் பெயரையே ரயில் நிலையத்துக்கும் வட்டாரத்துக்கும் சூட்டிக்கொண்ட பகுதி தாம்பரம் சானடோரியம். மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. காசநோய் வீட்டுக்குள் மூடி மறைக்கப்பட்டவரை பரவியது. அது ஒரு குடும்பத்தின் அவமானம் அன்று, ஊர் முழுவதும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டிய நோய் என்ற தெளிவு வந்த பிறகே கட்டுக்குள் வரத் தொடங்கியது. குடியும் அடியும் கைவிடுதலும் நிறைந்த வீட்டுக்கும் இதே தெளிவு தேவைப்படுகிறது.

தாம்பரம் வட்டாரத்தின் அமைப்பே இத்தேவையைக் கூர்மையாக்குகிறது. 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, நகரத்தில் வேலையும் புறநகரில் வீடுமாக வாழும் குடும்பங்கள் இந்தப் பாதை நெடுகக் குடியேறின. 1984இல் சானடோரியத்தில் தொடங்கப்பட்டு, இன்று மக்கள் 'மெப்ஸ்' என்றே அழைக்கும் ஏற்றுமதி மண்டலம், பல குடும்பங்களின் பெண்களை முதல்முறையாக மாதச் சம்பளக்காரர்கள் ஆக்கியது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவானது. இவ்வளர்ச்சியின் ஊடே, சொந்த ஊரில் தட்டிக் கேட்கவும் தாங்கிப் பிடிக்கவும் இருந்த சித்தப்பா, அத்தை, பாட்டி வீடுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நின்றுவிட்டன. உறவு விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக்கூடிய ஒரே அமைப்பாக இங்கே எஞ்சியிருப்பது, ஒரே படிக்கட்டையும் ஒரே குடிநீர் லாரியையும் பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கம்தான்.

வெளியிலிருந்து ஒரு கை நீளும்போது சகோதரிகளின் நிலை எப்படி மாறும் என்பதை இரண்டாவது படமான, 1988இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' காட்டுகிறது. அலுவலகம் செல்லும் சுதாவும் (அர்ச்சனா) அவள் தங்கை இந்துவும் முதிய தாத்தாவோடு வாடகை வீட்டில் வசிக்கின்றனர். காலி செய்யச் சொல்கிறார்கள் என்பதால், கடன் வாங்கிச் சிறு வீடொன்றைக் கட்டத் தொடங்குகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குள் வன்முறை இல்லை, குடி இல்லை. துன்பம் முழுவதும் கதவுக்கு வெளியேயிருந்து வருகிறது. ஒப்பந்தக்காரர் ஏமாற்றும்போது, சித்தாள் வேலை செய்யும் மங்கம்மா சுதாவின் பக்கம் நின்று உண்மையைச் சொல்கிறாள். அன்றாடக் கூலியை நம்பி வாழும் அவளுக்கு வாயை மூடிக்கொள்வதே பாதுகாப்பு, ஆயினும் பேசுகிறாள். பாதி எழும்பிய சுவர்களைத் தாத்தா தடவிப் பார்க்கும் காட்சியைத் தமிழ்ப் பார்வையாளர்கள் மறக்கவில்லை. மங்கம்மாவையும் அதே அளவுக்கு நினைவில் வைத்திருக்க வேண்டும். கவிதாவின் கதையில் இல்லாமற்போன ஒருத்தி அவள்.

மூன்றாவது படம் 2022 ஜூலையில் வெளியான, கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய 'கார்கி'. அதன் முடிவைக் கூறாமல் அதன் பெறுமதியை விளக்க இயலாது என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். பள்ளி ஆசிரியையான கார்கி (சாய் பல்லவி), சிறு வயதுத் தங்கை, வீட்டிலிருந்தே மாவு அரைத்து விற்கும் தாய், அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக வேலை பார்க்கும் தந்தை என்று அமைந்த குடும்பத்தில், ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்கில் தந்தை கைதாகிறார். ஊடகங்கள் வாசலில் குவிகின்றன, வழக்கறிஞர்கள் வழக்கை ஏற்க மறுக்கிறார்கள், வேலை போகிறது. திக்கிப் பேசும் இளம் வழக்கறிஞர் ஒருவரின் (காளி வெங்கட்) துணையோடு, தந்தை குற்றமற்றவர் என்று நம்பி அவருக்காகப் போராடும் கார்கி, கடைசியில் அவர் குற்றவாளியே என்று அறிகிறாள். கவிதாவின் தலைமுறைக்கு வீட்டைக் காப்பது என்றால் வீட்டின் இரகசியத்தைக் காப்பது என்றே பொருள். கார்கி அப்பொருளை ஏற்கவில்லை. அவள் பாதிக்கப்பட்ட சிறுமியின் பக்கம் சென்று நிற்கிறாள். வளர்ந்து வரும் ஒரு தங்கைக்கு, அக்காள் விட்டுச் செல்லக்கூடிய பாதுகாப்பு அதைவிடப் பெரியது வேறில்லை.

இந்த மூன்று படங்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சட்டமும் மாறியிருக்கிறது. கவிதாவின் காலத்தில், கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே கிடைத்த பங்கு மகளுக்கு இல்லை. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005இல் வந்த நடுவண் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அவ்வுரிமையை வழங்கின. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் மனைவிக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது, அது தவறு. ஒரே வீட்டில் இரத்த உறவால் இணைந்து வாழும் மகள், சகோதரி, தாய் ஆகியோரும் அதன் பாதுகாப்புக்கு உரியவர்கள். அடிப்பது மட்டும் அல்ல, இழிவாகப் பேசுவதும், அவளுக்கு உரிய பணத்தையும் வீட்டுத் தேவைகளையும் மறுப்பதும் அச்சட்டத்தின்படி வன்முறையே. பகிர்ந்து வாழும் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் அது அவளுக்கு உறுதிசெய்கிறது.

சங்கங்கள் குறிப்பாக அறிய வேண்டியது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஒரு வீட்டில் வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும், பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க இயலாது. பாதுகாப்பு அலுவலர் என்பவர், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நீதித்துறை நடுவருக்கும் இடையே நின்று, மனு எழுதுவது முதல் தங்குமிடமும் மருத்துவ உதவியும் பெற்றுத் தருவது வரை செய்வதற்கென அரசு நியமித்தவர். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்ற சொல்லைச் சட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டது. மாடிப்படியில்தான் அது இன்னும் வாழ்கிறது.

இவற்றைக் கருதி, சங்கங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. பொங்கல் விழாவுக்கும் சுதந்திர நாளுக்கும் திறக்கப்படும் சங்க மண்டபத்தில், இம்மூன்று படங்களையும் உரிய அனுமதியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திரையிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு மணி நேரம் பேச வாய்ப்பளிக்க வேண்டும்; 'கார்கி'யை மட்டும் பெரியவர்களுக்கும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் உரியதாக வைத்துக்கொள்ளலாம். பேச்சில் தந்தையரும் அண்ணன்மாரும் இடம்பெற வேண்டும், ஏனெனில் கவிதாவின் வீடு அவர்கள் விலகிக்கொண்டதால் குலைந்த வீடு. மின்தூக்கியின் அருகிலும் அறிவிப்புப் பலகையிலும் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலகத் தொடர்பையும், பராமரிப்புக் கட்டண அறிவிப்புக்குத் தரும் அதே பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு சங்கமும் நம்பிக்கைக்குரிய பெண்கள் இருவரைத் தொடர்பாளர்களாக அமர்த்த வேண்டும். அவர்கள் பஞ்சாயத்துப் பேசவோ சமரசம் செய்துவைக்கவோ கூடாது; கேட்பதும், துணையாக உடன் செல்வதும், உரியவரிடம் சேர்ப்பதுமே அவர்கள் பணி. ஒரு குடும்பத்தின் துயரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சுப் பொருளாகாமல் காப்பதும் அதே அளவுக்கு இன்றியமையாதது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைச் சட்டம் தடுத்திருக்க, குற்றம் சாட்டப்பட்டவரின் பிள்ளைகளும் வேட்டையாடப்படலாகாது என்பதைக் 'கார்கி' உணர்த்துகிறது. மேலும், வீட்டில் அமைதி இல்லாத பிள்ளைகள் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க, காரணம் கேட்கப்படாத ஓர் இடத்தைச் சங்க மண்டபத்திலேயே ஒதுக்க வேண்டும். அங்கே அக்காளும் தங்கையும் சேர்ந்து வரலாம். அக்காள் அந்த இரண்டு மணி நேரமேனும் தன் பாடத்தைப் படிக்கும் ஒரு மாணவியாக மட்டும் இருக்கலாம்.

இறுதியாக, பாராட்டு ஒன்றை நிறுத்திக்கொள்ளுமாறும் இம்மடல் வேண்டுகிறது. தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத் தேர்வெழுதப் போகும் சிறுமியை, குடிகாரத் தந்தையின் கடனை அடைக்க மெப்ஸில் இரவுப் பணி பார்க்கும் பெண்ணை, 'இவளைப் போல் மகள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது அவளுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அவள் இறக்கி வைக்க நினைக்கும் சுமையை மேலும் இறுக்கிக் கட்டுகிறது. அவளிடம் கேட்கப்பட வேண்டியது, அவளுக்கு என்ன வேண்டும் என்பதே. அக்கேள்வியோடு ஒரு கதவைத் தட்டும் துணிவைத் தாம்பரம் வட்டாரத்தின் ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.